மைனஸில் இருக்கிற மலை ஏன் சரிகிறது? பெர்மாஃப்ராஸ்ட் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்வி. கொஞ்சம் நீளமானது, ஆனால் சுருக்கினால் அதன் காரம் போய்விடும், அதனால் முழுசாகவே படித்துவிடுகிறேன். "போன பகுதியில் ஆல்ப்ஸ் மலையில் பாறைக்குள் 10 மீட்டர் ஆழத்தில் வெப்பநிலை மைனஸ் 1 டிகிரி என்று ஒரு வரைபடம் காட்டினீர்கள். அதே மூச்சில் பெர்மாஃப்ராஸ்ட் உருகுவதால் மலை சரிகிறது என்றும் சொன்னீர்கள். மைனஸ் 1 என்றால் தண்ணீர் இன்னும் உறைந்துதானே இருக்கிறது? உருகவே உருகாத மலை எதற்காகச் சரிய வேண்டும்? இன்னொன்று, எந்த மலை சரிந்தாலும் பெர்மாஃப்ராஸ்ட் என்கிறீர்களே, அதை எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள், இல்லை எல்லாமே குத்துமதிப்புதானா? கடைசியாக, முழுக்க உருகி முடித்துவிட்டால் மலை அமைதியாகிவிடுமா?"

இதில் ஒரு கிண்டல் இருக்கிறது, நியாயமான கிண்டல்தான். தப்பு என்னுடையது. "உருகுவதால் சரிகிறது" என்று நான் சொன்னது அவசரத்தில் சொன்னது. எங்கள் துறையில் எல்லோரும் பேச்சுவாக்கில் அப்படித்தான் சொல்வோம், சொல்லிச் சொல்லி அதுவே உண்மை மாதிரி ஆகிவிட்டது. செங்குத்தான பாறையைப் பொறுத்தவரை உருகும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை, அதற்கு முன்பே ஆபத்து வந்துவிடுகிறது. அதைத்தான் இன்றைக்குக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் அந்தச் சொல். பெர்மாஃப்ராஸ்ட் என்றதும் எல்லோர் மனதிலும் வருவது பனிக்கட்டி. ஆனால் விளக்கத்தில் பனிக்கட்டி என்ற பேச்சே இல்லை. மண்ணோ பாறையோ, தொடர்ந்து 2 வருடமாவது பூஜ்ஜியம் டிகிரியிலோ அதற்குக் கீழேயோ இருந்தால் அது பெர்மாஃப்ராஸ்ட், அவ்வளவுதான். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத வறண்ட பாறைகூட பெர்மாஃப்ராஸ்ட்டாக இருக்கலாம். 1943-ல் சீமோன் முல்லர் என்ற புவியியலாளர் இந்தச் சொல்லை உருவாக்கியபோது 'பெர்மனென்ட்' என்பதைச் சேர்த்துவிட்டார், அதனால் கேட்பவர்களுக்கு இது காலாகாலத்துக்கும் அசையாத ஒன்று என்ற நினைப்பு. சில இடங்களில் அது பொருத்தமாகவும் இருக்கிறது. சைபீரியாவில் யாகுட்ஸ்க் நகரத்தில் ஷெர்கின் என்ற வணிகர் 1828-ல் தண்ணீருக்காகக் கிணறு வெட்ட ஆரம்பித்தார், 1837 வரை வெட்டினார்கள், 116 மீட்டர் ஆழம் போய்விட்டது, அப்போதும் உறைந்த நிலம் முடியவில்லை. அங்கே அது எவ்வளவு ஆழத்துக்குப் போகிறது என்று அறிவியல் உலகம் யோசிக்க ஆரம்பித்ததே பெரும்பாலும் அந்தத் தோற்றுப்போன கிணற்றால்தான். சரி, அது வேறு கதை.

இந்த உறைநிலத்துக்கு மேலே, ஒவ்வொரு கோடையிலும் உருகி ஒவ்வொரு குளிர்காலத்திலும் மறுபடி உறைகிற ஒரு அடுக்கு உண்டு. செயல் அடுக்கு என்போம். சில இடத்தில் ஒரு சாண் இருக்கும், சில பாறைச் சரிவுகளில் பல மீட்டர் இருக்கும். கோடை சூடாகச் சூடாக இந்த அடுக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது, அதாவது பல நூறு, பல ஆயிரம் வருடமாக உறைந்தே கிடந்த பாறையை முதல் தடவையாகத் தொடுகிறது. இதை மட்டும் வைத்துச் சொன்னால் நீங்கள் கேட்டது சரி, இது உருகுகிற கதைதான். ஆனால் பெரிய சரிவுகளில் பிளந்து வருகிற இடம் இந்த அடுக்கைவிட ரொம்ப ஆழத்தில் இருக்கிறது. அங்கே வெப்பநிலை மைனஸ்தான்.

அப்படியானால் என்ன நடக்கிறது? உயரமான ஒரு பாறை முகட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே கல் மாதிரி தெரியும். கிட்டே போனால் முழுக்க விரிசல். பாறை இயல்பிலேயே வெடிப்புகளோடுதான் இருக்கும், அந்த வெடிப்புகளுக்குள் ஆயிரக்கணக்கான வருடங்களாகத் தண்ணீர் போய் உறைந்து, உறைந்து, பனிக்கட்டி நிரம்பியிருக்கிறது. தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் பாறையைப் பிளப்பதில் அதைவிடப் பொறுமையான ஒரு வேலை உண்டு: பூஜ்ஜியத்துக்குச் சில டிகிரி கீழே இருக்கும் பாறைக்குள், நுண்துளைகளில் உறையாமல் மிச்சமிருக்கும் தண்ணீர் மெதுவாக நகர்ந்து வந்து ஏற்கெனவே இருக்கும் பனிக்கட்டியோடு ஒட்டிக்கொள்கிறது, பனிக்கட்டி வளர்கிறது, வெடிப்பு அகலமாகிறது. இப்படி வருடக்கணக்கில். இதில் வேடிக்கை என்னவென்றால், பாறையைப் பிளந்ததும் அந்தப் பனிக்கட்டிதான், பிளந்த துண்டுகளை விழாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் அதேதான். உடைத்தவனே தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

அந்தப் பிடி எவ்வளவு பலமானது என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. மைனஸ் 8, மைனஸ் 10-ல் இருக்கும் பனிக்கட்டி கிட்டத்தட்ட ஒரு கல் மாதிரி. அதே பனிக்கட்டி மைனஸ் 1-ல் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் இழுத்தால் மெல்ல நீளும், அழுத்தினால் வழியும், பாறையோடு ஒட்டியிருக்கும் இடத்தில் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். மெழுகைப் பாருங்கள், உருகுவதற்கு எவ்வளவோ முன்பே இளகிவிடுகிறது இல்லையா? உருகவில்லை என்பதும் பலமாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. உங்கள் கேள்விக்கு ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால் இதுதான், ஆனால் இதற்குமேல் ஒரு திருப்பம் இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

2001-ல் பிரிட்டனில் டேவிஸ், ஹம்சா, ஹாரிஸ் என்று மூன்று பேர் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பாறை வெடிப்பைப் போல அமைத்த மாதிரிகளுக்குள் பனிக்கட்டியை வைத்து வெவ்வேறு வெப்பநிலையில் அதை வெட்டிப் பார்த்தார்கள், எவ்வளவு விசை தாங்குகிறது என்று அளந்தார்கள், அந்த எண்களைக் கொண்டு ஒரு பாறைச் சரிவு நிற்குமா விழுமா என்று கணக்குப் போட்டார்கள். இயல்பாக என்ன எதிர்பார்ப்போம்? குளிர்ந்த பனிக்கட்டி இருந்தால் நல்ல பலம், சூடாகச் சூடாகப் பலம் குறையும், முழுக்க உருகிவிட்டால் மோசத்திலும் மோசம். அப்படி வரவில்லை. மோசமான நிலை வந்தது மைனஸ் 1.5-லிருந்து பூஜ்ஜியத்துக்குள். அதாவது, பனிக்கட்டியே இல்லாமல் வெறும் வெடிப்பாக இருந்தால் நிற்கக்கூடிய ஒரு சரிவு, குளிர்ந்த பனிக்கட்டி இருந்தாலும் நிற்கக்கூடிய அதே சரிவு, இளஞ்சூடான பனிக்கட்டி இருக்கும்போது விழுந்துவிடலாம்.

ஏன் அப்படி? வெடிப்பின் இரண்டு பக்கமும் சொரசொரப்பான பாறை. நடுவில் ஒன்றுமே இல்லையென்றால் மேடும் பள்ளமும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு உராய்வால் பிடித்துக்கொள்ளும், வெடிப்பு அதிகம் சாய்ந்திருக்காவிட்டால் அந்த உராய்வே போதும். நடுவில் குளிர்ந்த பனிக்கட்டி இருந்தால் பாறையும் பாறையும் தொடாது, ஆனால் பரவாயில்லை, பனிக்கட்டியே பசை மாதிரி பிடித்துக்கொள்கிறது. நடுவில் இளகிய பனிக்கட்டி இருந்தால்தான் சிக்கல்: அது பாறையைப் பாறையோடு சேரவும் விடுவதில்லை, தானும் பிடிப்பதில்லை. இரண்டுங்கெட்டான் நிலை. நீங்கள் சுட்டிக்காட்டிய அந்த மைனஸ் 1 சரியாக இந்த இடத்தில்தான் இருக்கிறது. மைனஸ் 6 என்று ஒரு ஆழ்துளையில் பார்த்தால் நான் தேநீர் குடிக்கப் போவேன், மைனஸ் 1 என்று பார்த்தால் மேலே ஏறி விரிசல்களைப் பார்க்கப் போவேன். எல்லா மலைக்கும் இந்த 1.5 என்ற எண் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், வெடிப்பின் சாய்வு, எவ்வளவு எடை மேலே அழுத்துகிறது, பனிக்கட்டியில் எவ்வளவு மண் கலந்திருக்கிறது எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கும். போக்கு அதுதான்.

இந்த ஆய்வு வந்து இரண்டு வருடத்தில் 2003-ன் கோடை வந்தது, ஐரோப்பாவை வாட்டி எடுத்த அந்த வெப்ப அலை. அந்த ஜூலையில் மேட்டர்ஹார்ன் மலையில், ஹோர்ன்லி முகடு வழியாக மலையேறுகிறவர்கள் போகும் பாதையிலேயே ஒரு பெரிய பாறைத்தொகுதி பெயர்ந்து விழுந்தது, மேலே மாட்டிக்கொண்டவர்களை ஹெலிகாப்டரில் இறக்கினார்கள். விழுந்த இடத்தில், பாறை உரிந்த தழும்பில் பனிக்கட்டி பளபளவென்று தெரிந்தது. அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் எங்களில் பலருக்கு ஆய்வகத்தில் சொன்னது மலையிலும் நடக்கிறது என்று உறைத்தது. அதுவரை உள்ளே பனிக்கட்டி இருக்கிறது என்பது எங்களில் பலருக்கு வெறும் ஊகம். அந்தக் கோடையில் ஆல்ப்ஸ் முழுக்க அப்படி நிறைய பாறைச் சரிவுகள், பெரும்பாலும் சின்னவை, மேலோட்டமானவை. 2005 ஜூனில் பிரான்சில் ட்ரூ சிகரத்தின் பொனாட்டி தூண் இடிந்தது, மலையேறுகிறவர்கள் மத்தியில் புகழ்பெற்ற தூண் அது, இரண்டரை லட்சம் கன மீட்டருக்கு மேல். ஒரு ஏறும் பாதையே உலகத்திலிருந்து காணாமல் போய்விட்டது.

இங்கே சிலர் கேட்பார்கள், சூடு பாறைக்குள் எவ்வளவு வேகமாகப் போகும் என்று. கடத்தல் வழியாக, அதாவது பாறையே சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கைமாற்றிப் போனால், ரொம்ப மெதுவாக. கோடையின் உச்சச் சூடு 10 மீட்டர் ஆழத்துக்குப் போய்ச்சேர ஐந்தாறு மாதம் ஆகிவிடும், அதற்குள் வெளியே பனிகொட்டும் காலம் வந்திருக்கும், அதாவது மேலே மைனஸ் 15 இருக்கும்போது உள்ளே வருடத்திலேயே அதிகச் சூடு. அதனால்தான் குளிர்காலத்தில் சரிந்தது, ஆகவே வெப்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால் நான் உடனே ஒத்துக்கொள்ள மாட்டேன். சுவிட்சர்லாந்தில் பிட்ஸ் செங்கலோ என்ற மலையில் 2011-ல் ஒரு பெரிய சரிவு நடந்தது டிசம்பர் கடைசியில். அதே மலை 2017 ஆகஸ்ட் 23 அன்று மறுபடி சரிந்தது, சுமார் 30 லட்சம் கன மீட்டர், கீழே இருந்த சிறிய பனியாற்றின்மேல் விழுந்து, அதையும் வாரிக்கொண்டு, சேறும் கல்லுமாகப் பள்ளத்தாக்கில் இறங்கி பொண்டோ கிராமத்துக்குள் நுழைந்தது. மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்த 8 பேர் இறந்துவிட்டார்கள். ஒன்று டிசம்பர், ஒன்று ஆகஸ்ட். இவ்வளவு ஆழத்தில் ஒரு கோடை, ஒரு குளிர்காலம் என்பதெல்லாம் மங்கிப்போய்விடும், பல வருடங்களின், பல பத்தாண்டுகளின் சூடுதான் அங்கே கணக்கு.

கூர்மையான முகடுகளில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. சமவெளியில் சூடு மேலிருந்து கீழே மட்டும் போகும், ஒரு திசைதான். முகட்டில் இரண்டு பக்கமிருந்தும் உள்ளே வரும், உச்சியில் மூன்று நான்கு பக்கம். வெயில் படும் தெற்கு முகத்திலிருந்து நிழலான வடக்கு முகத்தை நோக்கி மலைக்குள்ளேயே குறுக்காகச் சூடு ஓடுகிறது. வடக்கு முகத்தில் நின்று தொட்டுப் பார்த்தால் விரல் விறைக்கும், ஆனால் அதற்கு முதுகுப்பக்கத்திலிருந்து சூடு வந்துகொண்டிருக்கும்.

இவ்வளவும் கடத்தல். தண்ணீர் உள்ளே போனால் கணக்கே மாறிவிடும். பனி உருகிய தண்ணீரோ மழையோ ஒரு வெடிப்பில் இறங்கினால், பல வருடம் எடுக்க வேண்டிய சூட்டைச் சில மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அப்புறம் அழுத்தம். கீழே வெளியேறும் வழியைப் பனிக்கட்டி அடைத்திருந்தால், மேலிருந்து வருகிற தண்ணீர் வெடிப்பில் தேங்கி உயர்கிறது, 10 மீட்டர் உயரத்துக்குத் தேங்கினாலே அடியில் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுதலாக இருபக்கப் பாறையையும் தள்ளும். என்னைக் கேட்டால், அடுத்த இருபது வருடத்தில் எங்கள் துறை கவலைப்பட வேண்டியது வெப்பநிலையைவிட இந்தத் தண்ணீரைப் பற்றித்தான். வெப்பமானி வைப்பது சுலபம், வெடிப்புக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அளப்பது பெரும்பாடு. சுலபமானதை அளந்துவிட்டு அதையே காரணம் என்று எழுதுகிற பழக்கம் எங்களுக்கு உண்டு, நானும் விதிவிலக்கல்ல.

வெப்பமானி என்றதும் ஞாபகம் வருகிறது. பல வருடங்களுக்கு முன்பு ஒரு பாறைச் சுவரில் துளை போட்டு வெப்ப உணரிகளைப் பதித்திருந்தோம். ஒரு உணரி மட்டும் மாதக்கணக்கில் மைனஸ் 0.2-லேயே நின்றது. மேலே கோடை, குளிர், மழை எல்லாம் வந்து போகிறது, அது மட்டும் அசையவில்லை. கருவி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, அதன் எண்களை எல்லாம் கணக்கிலிருந்து தூக்கிவிட்டேன். கூட வேலை பார்த்த ஒரு மாணவிதான் அதைத் திரும்ப எடுத்துப் பார்த்து, இது கெடவில்லை, இங்கேதான் பனிக்கட்டி உருகிக்கொண்டிருக்கிறது என்றாள். பனிக்கட்டியைத் தண்ணீராக்க ஏகப்பட்ட வெப்பம் வேண்டும். ஒரு கிலோ பனிக்கட்டியைப் பூஜ்ஜியத்திலேயே உருக்குவதற்கு ஆகிற வெப்பம், அதே ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்ஜியத்திலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கப் போதும். வருகிற சூடெல்லாம் அந்த வேலைக்கே போய்விடுவதால் வெப்பநிலை ஏறாது, முள் ஒரே இடத்தில் நிற்கும். நான் கெட்டுப்போன கருவி என்று ஒதுக்கியதுதான் அந்தத் துளையிலேயே முக்கியமான செய்தி.

இதை உலக அளவிலும் பார்க்கலாம். உலகம் முழுக்க ஆழ்துளைகளில் அளந்ததைத் தொகுத்து 2019-ல் ஒரு கட்டுரை வந்தது: 2007-லிருந்து 2016 வரை பெர்மாஃப்ராஸ்ட்டின் வெப்பநிலை சராசரியாக 0.29 டிகிரி கூடியிருக்கிறது. ஆனால் இடைவெளி இல்லாமல் பரந்து உறைந்திருக்கும் குளிர்ந்த பகுதிகளில் 0.39, விட்டுவிட்டு உறைந்திருக்கும், பூஜ்ஜியத்தை ஒட்டிய பகுதிகளில் 0.20, மலைகளில் 0.19. இதைப் பார்த்துவிட்டு, மலையில் கம்மியாகத்தான் சூடாகிறது, பிரச்சினையும் கம்மி என்று ஒரு செய்தியில் எழுதியிருந்தார்கள். பூஜ்ஜியத்தை ஒட்டிய நிலத்தில் முள் மெதுவாக நகர்வதற்கு ஒரு பெரிய காரணம், வருகிற சூடு உள்ளே உருக்குகிற வேலையில் மூழ்கிவிடுவது. அதை நல்ல செய்தி என்று படிப்பது என் பழைய தப்பைத் திரும்பச் செய்வது. சுவிட்சர்லாந்தில் முர்தெல் என்ற இடத்தில் 1987-ல் போட்ட ஆழ்துளையில் இன்றுவரை அளக்கிறார்கள். நீண்ட தொடர் கையில் இருந்தால்தான் இந்த மாதிரி குழப்பங்களைப் பிரிக்க முடிகிறது, இரண்டு வருட எண்களை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இதுவரை பேசியது பாறை. மண்சரிவு வேறு வகை, அங்கே நீங்கள் நினைக்கிற மாதிரி உருகுவதுதான் நேரடிக் காரணம். வடசைபீரியாவிலும் அலாஸ்காவிலும் மண்ணுக்குள் பனிக்கட்டி ஏதோ கொஞ்சம் கலந்திருப்பதாக நினைக்காதீர்கள், சில இடங்களில் கன அளவில் பாதிக்கு மேல் பனிக்கட்டிதான், மண் அதில் மிதக்கிறது என்றே சொல்லலாம். அது உருகினால் மிஞ்சுவது கூழ். யாகுட்டியாவில் படகாய் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பிரம்மாண்டமான சரிவு இருக்கிறது, மேலிருந்து பார்த்தால் ஒரு தவளைக்குஞ்சு மாதிரி வடிவம், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அகலம், சுவர் 50 மீட்டருக்கு மேல் உயரம். ஆரம்பம் என்ன தெரியுமா? 1960-களில் அங்கே காட்டை வெட்டினார்கள். மரமும் பாசியும் நிலத்துக்குப் போர்வை, போர்வை போனதும் வெயில் நேராக இறங்கியது, ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது, பள்ளத்தின் சுவரில் பனிக்கட்டி வெளியே தெரிந்தது, அது உருகி வழிந்ததும் அடுத்த பனிக்கட்டி தெரிந்தது. அப்படியே பின்னால் பின்னால் தின்றுகொண்டே போகிறது. அந்தச் சுவரின் அடியில் இருக்கும் உறைநிலம் சுமார் 6.5 லட்சம் வருடப் பழமையானது என்று கணித்திருக்கிறார்கள். அதற்கிடையே வந்துபோன எத்தனையோ வெப்ப காலங்களைத் தாக்குப்பிடித்த நிலம், மேலே இருந்த காட்டை எடுத்ததும் பிளந்துகொண்டது.

அலாஸ்காவில் டெனாலி தேசியப் பூங்காவின் சாலை இன்னொரு நல்ல பாடம், ஏனென்றால் அங்கே வேகத்தை வருடாவருடம் அளந்திருக்கிறார்கள். பிரிட்டி ராக்ஸ் என்ற இடத்தில் சாலை ஒரு சரிவின் மேலேயே போகிறது. 2014-க்கு முன்பு வருடத்துக்குச் சில அங்குலம் நகர்ந்தது, சாலையைச் சரிசெய்துகொண்டே ஓட்டினார்கள். 2017-ல் மாதத்துக்கு அங்குலக் கணக்கு, 2018-ல் வாரத்துக்கு, 2019-ல் நாளுக்கு. 2021-ல் மணிக்கு 0.65 அங்குலம் வரை போனது, ஒரு நாளைக்கு ஒரு அடிக்கும் மேல். அந்த ஆகஸ்டில் சாலையை மூடிவிட்டார்கள், சரிவைத் தாண்டிப் பாலம் கட்டுவதுதான் வழி என்று முடிவாகிவிட்டது. எவ்வளவு சரளை கொட்டினாலும் அது இறங்கிக்கொண்டே இருக்கும் என்றால் வேறென்ன செய்வது?

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. எந்த மலை சரிந்தாலும் பெர்மாஃப்ராஸ்ட் தலையில் கட்டிவிடுகிறோமா? சில நேரம் ஆமாம். அதில் எங்களுக்கும் பங்கு உண்டு, அவசரத்தில் தலைப்பு எழுதுகிறவர்களுக்கும் பங்கு உண்டு. ஒரு உதாரணம், கிரீன்லாந்தில் டிக்சன் ஃபியோர்ட், அதாவது செங்குத்தான மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் ஒரு கடல்நீர்ப் பள்ளத்தாக்கு. 2023 செப்டம்பர் 16 அன்று உலகம் முழுக்க நில அதிர்வுமானிகள் ஒரு விசித்திரமான ரீங்காரத்தைப் பதிவுசெய்தன, சுமார் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு அலை, அதே சுருதியில், 9 நாள். என்னவென்றே புரியவில்லை. கடைசியில் பார்த்தால், 2.5 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் ஒரு குறுகிய ஃபியோர்டில் விழுந்து, 200 மீட்டர் உயரத்துக்கு அலை எழும்பி, அந்தத் தண்ணீர் இரண்டு கரைக்கும் நடுவே தொட்டித் தண்ணீர் மாதிரி ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது. அற்புதமான துப்பறிதல். இதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது என்ன? மலையின் அடிவாரத்தில் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த பனியாறு பல பத்து மீட்டர் மெலிந்துவிட்டது, முட்டு போனதும் மலை விழுந்தது. காலநிலை மாற்றம் என்பது சரி, ஆனால் அது பனியாற்றின் வழியாக வந்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், அடுத்து எந்த மலையைக் கண்காணிப்பது என்பதில் தப்பு செய்வோம்.

உத்தராகண்டின் சமோலியில் 2021 பிப்ரவரி 7 அன்று நடந்தது இன்னும் சிக்கல். ரோண்டி சிகரத்திலிருந்து சுமார் 2.7 கோடி கன மீட்டர், ஐந்தில் நான்கு பங்கு பாறை, ஒரு பங்கு பனிக்கட்டி. அந்த உயரத்திலிருந்து அந்த விகிதத்தில் விழுந்ததில் உராய்வுச் சூடே கிட்டத்தட்ட எல்லாப் பனிக்கட்டியையும் உருக்கிவிட்டது, மேலே பாறையாகக் கிளம்பியது கீழே வெள்ளமாக வந்து சேர்ந்தது, நீர்மின் திட்டங்களில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் உட்பட 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். முதல் நாள் எல்லோரும் பனியேரி உடைந்தது என்றார்கள். செயற்கைக்கோள் படங்கள் வந்த பிறகுதான் மலையின் ஒரு துண்டே பெயர்ந்தது தெரிந்தது, அந்த வெடிப்பு சில வருடங்களாகவே திறந்துகொண்டிருந்ததும் பழைய படங்களில் தெரிந்தது. அங்கே உறைந்த பாறை சூடானதற்குப் பங்கு இருந்திருக்கலாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் அந்த முகட்டுக்குள் ஒரு வெப்பமானிகூட இருந்ததில்லை. 'இருந்திருக்கலாம்' என்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன்.

எப்படித் தெரிந்துகொள்கிறோம் என்று கேட்டீர்கள். சரிந்த உடனே ஹெலிகாப்டரிலிருந்து தழும்பைப் படம் எடுப்பது முதல் வேலை, ஏனென்றால் பனிக்கட்டி இருந்தால் சில நாளில் உருகிச் சாட்சியே போய்விடும். அப்புறம் அந்த முகத்தின் திசை, உயரம், வெயில், காற்றின் வெப்பநிலை எல்லாவற்றையும் வைத்துப் பிளந்த ஆழத்தில் என்ன வெப்பநிலை இருந்திருக்கும் என்று கணிப்பது. பாறைக்குள் மின்சாரம் செலுத்திப் பார்ப்பதும் உண்டு, உறைந்த பாறை மின்சாரத்தை அதிகமாகத் தடுக்கும், ஈரப்பாறை விட்டுவிடும். செயற்கைக்கோள் ரேடார் மில்லிமீட்டர், சென்டிமீட்டர் நகர்வைக்கூடக் காட்டிக்கொடுக்கும். இவ்வளவும் செய்து முடித்த பிறகும் நாங்கள் பார்க்கிற முதல் காரணம் பாறையின் வெடிப்புகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதுதான். வெடிப்பு மலைக்குள் சாய்ந்திருந்தால் சூடானாலும் அவ்வளவு சுலபமாகச் சறுக்கி வராது. வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் அது என்றைக்கோ விழ வேண்டிய மலை, பெர்மாஃப்ராஸ்ட் சூடாவது அந்தத் தேதியை முன்னால் இழுத்துவிடுகிறது.

முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள், அதையும் இதிலேயே தொட்டுவிடுகிறேன். எந்த மலை நகர்கிறது என்று தெரிந்தால், ஓரளவு முடியும். நார்வேயில் வெஸ்லெமான்னன் என்ற சரிவுக்காகக் கீழே இருந்தவர்களை 2014-லிருந்து 16 தடவை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். 15 தடவை ஒன்றும் நடக்கவில்லை, கேலிக்கூத்தாகவே ஆகிவிட்டது. 16-வது தடவை, 2019 செப்டம்பர் 5 அன்று விழுந்தது, யாருக்கும் காயமில்லை. சுவிட்சர்லாந்தின் பிளாட்டன் கிராமத்திலும் 2025 மே மாதம் சுமார் 300 பேரை முன்னாடியே வெளியேற்றிவிட்டார்கள், மேலே இருந்த சிகரத்திலிருந்து பாறைகள் பனியாற்றின்மேல் விழுந்து குவிந்துகொண்டிருந்ததைப் பார்த்து. மே 28 அன்று பனியாறே இறங்கி வந்து ஊரின் பெரும்பகுதியை மூடிவிட்டது, உயிரிழந்தவர் ஒருவர். ஊர் போய்விட்டது, ஆனால் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். இது கண்காணிப்பு இருந்த இடம். கண்காணிக்காத முகடுகள் எத்தனையோ மடங்கு அதிகம்.

கடைசிக் கேள்வி, முழுக்க உருகி முடித்துவிட்டால் அமைதியாகிவிடுமா. நான் முதலில் சொன்ன கணக்குப்படி, பனிக்கட்டி போய்ப் பாறையோடு பாறை சேர்ந்துவிட்டால் சில சரிவுகள் இளகிய நிலையைவிட உறுதியாகத்தான் இருக்கும், விழ வேண்டியது விழுந்து மிச்சம் தனக்கு ஏற்ற சாய்வில் நின்றுவிடும். ஆனால் உயரமான ஒரு மலையின் உள்பகுதி அந்த இரண்டுங்கெட்டான் வெப்பநிலையைக் கடந்து வெளியே வர நூற்றாண்டுகள் ஆகும். மேற்பரப்பு இன்றைக்கே சூடாவது நின்றுவிட்டாலும் உள்ளே ஏற்கெனவே இறங்கிய சூடு போய்க்கொண்டேதான் இருக்கும், ஒரு முகட்டில் உச்சி முடித்த வேலையை அதற்கு 50 மீட்டர் கீழே அப்போதுதான் ஆரம்பித்திருக்கும்.

அடுத்த கேள்வி பாறைப் பனியாறு பற்றியது, அதற்கு ஒரு படம் காட்ட வேண்டும், ஒரு நிமிடம், திரையை மாற்றிக்கொள்கிறேன்.